டிகாஷன் கேனில் வந்த பிறகு

சென்னையில் பழகிய காபிக்கடையைப் பற்றி நாலு பேர் பேசினால், அதில் இரண்டு பேராவது "முன்ன மாதிரி இல்லப்பா" என்று சொல்லாமல் இருக்கமாட்டார்கள். இதை வயதான புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். பலர் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். ஆனால் ஒரே கடையாக இருந்தது நாலாகி, நாலு நாற்பதாகும்போது டம்ளருக்குள் என்ன மாறுகிறது என்பதை இடம் சுட்டிச் சொல்ல முடியும். பொடியில் மாறுகிறது, பாலில் மாறுகிறது, எல்லாவற்றையும்விட அதிகமாக டிகாஷன் இறங்கும் இடத்தில் மாறுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு கணக்கும் இருக்கின்றன.

மேற்கு மாம்பலத்தில் நான் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஃபில்டர் காபிக் கடைக்கு இன்று நகரம் முழுக்கக் கிளைகள். பெயர் வேண்டாம். அப்போது கவுண்டருக்குப் பின்னால் ஆள் உயர மேடையில் பித்தளை ஃபில்டர்கள் வரிசையாக நிற்கும். தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வந்துவிடும். இப்போது அதே கடையில் ஃபில்டர்களைக் காணோம். காலையில் ஒரு வேன் வருகிறது. மூடி போட்ட ஸ்டீல் கேன்களை இறக்கிவிட்டுப் போகிறது. கவுண்டர் பையன் கேனின் குழாயைத் திறந்து ஒரு ஜக்கில் பிடிக்கிறான், அதை ஓரமாகச் சூட்டில் வைக்கிறான், அதிலிருந்து மதியம்வரை ஊற்றுகிறான். காபி நல்ல கறுப்பாகத்தான் இருக்கிறது. நாக்கில் பட்டால் லேசான புளிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு வறட்சி. வாசனை என்பது அறவே இல்லை.

இது ஏன் என்று புரிய, டிகாஷன் என்பது எவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் என்று தெரிய வேண்டும். வறுத்த காபிக்கொட்டைக்குள் கரியமில வாயுவும் நூற்றுக்கணக்கான வாசனைச் சேர்மங்களும் அடைபட்டிருக்கின்றன. அரைத்த நிமிஷத்திலிருந்து அவை வெளியேறத் தொடங்கிவிடும்; காற்று உள்ளே போய் எண்ணெய்ச் சத்தைக் கெடுக்கத் தொடங்கும். அதனால்தான் பொடிக்கடையில் நாம் கண் முன்னால் அரைத்து, சூட்டோடு கவரில் வாங்கிக்கொண்டு வருகிறோம். வெந்நீர் பட்ட பிறகு இந்த ஓட்டம் இன்னும் வேகமாகிறது. இறங்கிய டிகாஷனைச் சூட்டிலேயே வைத்திருந்தால், காபியில் இயல்பாக இருக்கும் குளோரோஜெனிக் அமிலமும் அதிலிருந்து வறுக்கும்போது உண்டாகும் சேர்மங்களும் மெல்ல உடைந்து குவினிக் அமிலம் கூடும். அந்தப் புளிப்பும் வறட்சியும் அங்கிருந்துதான் வருகின்றன. வாசனை ஆவியாகிப் போய்விட, கசப்பும் புளிப்பும் மட்டும் தங்கிவிடுகின்றன. பாலும் சர்க்கரையும் அதைக் கொஞ்சம் மறைக்கும். அதனால்தான் முதல் வாய்க்குச் சுமாராகத் தோன்றும் காபி, பாதி டம்ளர் ஆறியதும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

நல்ல ஃபில்டர் காபிக் கடைகள் இதை அமில வேதியியல் படிக்காமலேயே தெரிந்துவைத்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். கூட்டம் வரும் நேரத்துக்கு முன்னால் ஒன்று, அது தீரும்போது அடுத்தது. பொடியை மேலடுக்கில் போட்டு அமுக்குவதில்தான் மாஸ்டரின் கை தெரியும். அமுக்கம் கூடினால் தண்ணீர் தேங்கி நிற்கும், குறைந்தால் விறுவிறுவென்று ஓடி வெறும் கலர் தண்ணீராக இறங்கும். மழைக்காலத்தில் பொடி ஈரம் இழுத்துக்கொள்ளும், அன்றைக்கு அமுக்குவதே வேறு. இரண்டாம் டிகாஷனை எந்த நேரத்தில், யாருக்கு, எவ்வளவு கலக்கலாம் என்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "ஸ்ட்ராங்" என்று கேட்டவருக்கு இரண்டாவதைத் தொடவே மாட்டார்.

அந்த மேற்கு மாம்பலம் கடையில் பல வருஷம் காபி போட்ட மாஸ்டரைப் பிறகு நங்கநல்லூரில் வேறொரு சின்னக் கடையில் பார்த்தேன். ஏன் விட்டுட்டீங்க மாஸ்டர் என்று கேட்டதற்குச் சம்பளத்தைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. "முன்னாடி இறக்குனதும் ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாப்பேன் சார். சரியில்லன்னா அப்படியே சிங்க்ல ஊத்திட்டு வேற போடுவேன். முதலாளி ஒண்ணும் கேக்க மாட்டாரு. கேன் வந்தப்புறம் ஊத்த முடியாதுல்ல? அளவு எழுதி வச்சிருக்கான். குறைஞ்சா நம்ம சம்பளத்துல பிடிப்பான்."

என் வரையில், இந்த விஷயத்தின் மையம் அவர் சொன்ன இதில்தான் இருக்கிறது. ஒரு கடையின் தரம் என்பது சரியில்லாததைக் கீழே ஊற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைக்குள்ளேயே ஃபில்டர் இருந்தவரை அந்த உரிமை மாஸ்டரிடம் இருந்தது. எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் இறக்கும் மத்திய சமையலறைக்கு டிகாஷன் போன அன்றே அது கடையைவிட்டுப் போய்விட்டது. அங்கே விடியற்காலையில் இறக்குகிறவர், அதை மாலை நாலு மணிக்கு ஒருவர் எப்படிக் குடிக்கிறார் என்று ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. கவுண்டரில் ஊற்றுகிறவர் பார்க்கிறார், ஆனால் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் மத்திய டிகாஷனுக்கு நியாயம் இருக்கிறது. எல்லாக் கிளையிலும் ஒரே ருசி, மாஸ்டரை நம்பியிருக்க வேண்டாம், பொடி திருட்டுப்போகாது, கடை சின்னதாக இருந்தாலும் போதும். நாற்பது கடைக்கு நாற்பது நல்ல மாஸ்டர்கள் கிடைப்பது கஷ்டம் என்பதும் உண்மை. பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையன்கள் காபி போடுவதால்தான் ருசி போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பான பேச்சு. நல்ல கடைகளில் அதே ஊர்ப் பையன்கள் ஆறு மாதத்தில் அருமையாகக் காபி போடக் கற்றுக்கொண்டிருப்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஃபில்டரே இல்லாத கடையில் நிற்கிற பையனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? குழாயைத் திறப்பதைத் தவிர அங்கே கற்க வேண்டிய வேலை மிச்சமில்லை.

சரி, பொடிக்கு வருவோம். கடந்த சில வருஷங்களில் நடந்தது சாதாரண விலையேற்றம் இல்லை. உலகச் சந்தையில் காபி இரண்டு வகையாக விலைபோகிறது: அராபிகா, ரொபஸ்டா. அராபிகாவில் வாசனையும் மென்மையும் அதிகம், ரொபஸ்டாவில் கசப்பும் கெட்டியும் காஃபீனும் அதிகம். பாலில் கலந்து குடிக்கும் நம் காபிக்கு ரொபஸ்டா கொஞ்சம் சேர்வது குற்றமே இல்லை. பாலைத் தாண்டி நிற்க அந்தக் கெட்டி தேவை. ரொபஸ்டாவில் உலகத்தின் முதலிடம் வியட்நாமுக்கு. அங்கே மத்திய மலைப் பகுதியில் 2024-ல் கடும் வறட்சி. அதற்கு முன்பே பல விவசாயிகள் காபிச் செடியைப் பிடுங்கிவிட்டு, சீனாவுக்கு நல்ல விலைபோகும் டுரியன் பழத்துக்கு மாறியிருந்தார்கள். 2023 தொடக்கத்தில் டன்னுக்கு 2,000 டாலருக்கும் கீழே இருந்த ரொபஸ்டா, 2024 செப்டம்பரில் 5,000 டாலரைத் தாண்டியது. அராபிகாவின் பெரிய தேசமான பிரேசிலில் 2021-ல் உறைபனி, பிறகு வறட்சி. 1977-ல் அராபிகா எட்டிய உச்ச விலையை 2024 டிசம்பரில் அது தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு அராபிகா 4 டாலரைத் தாண்டியது.

சிக்மகளூரிலும் குடகிலும், நம் ஏற்காட்டிலும் பழனி மலையிலும் விளைகிற காபிக்கு இந்தக் கதை எதற்கு என்று தோன்றலாம். 1942 காபிச் சட்டத்தின் கீழ் ஒரு காலத்தில் தோட்டக்காரர் தன் விளைச்சலைக் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், வாரியம் விற்றுக் காசு கொடுக்கும். 1990-களில் அந்த ஏற்பாடு தளர்ந்து முடிவுக்கு வந்தது. இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. லண்டன் காபிச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும்போது மாம்பலத்துப் பொடிக்கடைக்காரருக்கு மட்டும் மலிவாகக் கொடுக்க எந்தத் தோட்டக்காரரும் தயாராக இருக்கமாட்டார். பல வருஷம் குறைந்த விலையில் அல்லாடிய தோட்டக்காரர்களுக்கு இந்த ஏற்றம் நியாயமாகச் சேர வேண்டியதுதான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் இந்த முறை வழக்கமான தப்பிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் அராபிகா ஏறினால் கலவையில் ரொபஸ்டாவைக் கூட்டிச் சமாளிப்பார்கள். இம்முறை ரொபஸ்டாவும் சேர்ந்தே ஏறியது. மிச்சம் இருந்தது சிக்கரி.

சிக்கரியைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு கிழங்கு; குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்து அரைத்துக் காபியில் நூற்றுக்கு இருபது பங்கு சேர்த்தால் டிகாஷன் கெட்டியாக இறங்கும், நிறம் கூடும், லேசான இனிப்போடு ஒரு கருகல் மணம் வரும். தமிழ்நாட்டில் பலருக்குக் காபி என்றாலே அந்த ருசிதான். பொடிக்கடையில் "பீபரி, பிளாண்டேஷன் ஏ பாதிப் பாதி, எண்பதுக்கு இருபது" என்று கொட்டை வகையையும் காபி-சிக்கரி அளவையும் சொல்லி வாங்கும்போது நமக்கு என்ன கிடைக்கிறது என்று நமக்குத் தெரியும். பிரச்சினை அளவு தெரியாதபோதுதான். சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 பங்குவரை சிக்கரி இருந்தாலும் அது முறையான சரக்குதான். எண்பதுக்கு இருபதில் தொடங்கி அறுபதுக்கு நாற்பதுவரை இறங்கினாலும் யாரும் எந்த விதியையும் மீறவில்லை. டிகாஷன் பார்வைக்கு முன்னைவிடக் கெட்டியாகவே இருக்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. இரண்டு டம்ளர் குடித்தும் காபி குடித்த மாதிரியே இல்லை என்று சிலர் சொல்வது வெறும் பிரமை ஆகாது.

வீட்டில் சந்தேகம் வந்தால் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவ வேண்டும். காபித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். இதில் சதவீதம் தெரியாது, ஆனால் இரண்டு பொடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூவிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடையில் டம்ளரில் வந்துவிட்ட காபியை இப்படிச் சோதிக்க வழியில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காபி நன்றாக இறங்கத் தண்ணீரில் கொஞ்சம் தாது உப்பு வேண்டும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற காபித் துறை அமைப்பு சொல்லும் இலக்கு லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம். சென்னையில் ஒரு பக்கம் உப்பேறிய போர் தண்ணீர், மறுபக்கம் அதற்குப் பயந்து எல்லாவற்றையும் பிழிந்தெடுக்கும் ஆர்ஓ. இரண்டிலும் காபி சரியாக வராது. நல்ல கடைகள் கலந்து சரிசெய்துகொள்கின்றன.

பால் விஷயம் சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, பாக்கெட் நிறத்தைச் சொன்னாலே புரிந்துவிடும். ஆவின் ஆரஞ்சில் 6 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, நீலத்தில் 3. 2022 நவம்பரில் ஆரஞ்சுப் பாலின் சில்லறை விலை லிட்டர் 48 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 60 ஆனது. மறுவருஷம் பச்சைப் பாக்கெட்டின் இடத்தில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதாப் பாக்கெட் வந்தபோது வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு சண்டையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். காபி போடுகிறவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு சதவீதம் டம்ளரில் தெரியும். கொழுப்பு குறைந்த பால் டிகாஷனின் கசப்பைத் தாங்காது. கொழுப்பாவது பாக்கெட்டில் அச்சடித்திருக்கும். கடையில் அதோடு எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பதும், காலை ஆறு மணிக்கு அடுப்பில் ஏற்றிய பால் எத்தனை முறை திரும்பத் திரும்பக் கொதித்தது என்பதும் எங்கும் எழுதியிருக்காது. நெடுநேரம் சூட்டில் கிடக்கும் பாலில் புரதம் சிதைந்து, ஒரு வெந்த வாடை வரும். அந்த வாடை முன்னால் நல்ல டிகாஷனும் தோற்றுவிடும்.

இவ்வளவும் ஏன் ஒரே நேரத்தில் ஒரே கடையில் நடக்கிறது? கிளைகள் பெருகும் முறையில் அதற்கு விடை இருக்கிறது. பெரும்பாலான செயின் கடைகள் ஃபிராஞ்சைஸ் முறையில் வளர்கின்றன. கடை போடும் ஆள் முன்பணம் கட்டுகிறார், தலைமையிடமிருந்தே பொடியையும் டிகாஷனையும் வாங்குகிறார், மாதாமாதம் ராயல்டி கட்டுகிறார். இந்த ராயல்டி பொதுவாக விற்பனையில் ஒரு பங்கு, லாபத்தில் அல்ல. ஆக, தலைமைக்கு வருமானம் கடைகளின் எண்ணிக்கையிலிருந்தும் அவர்களுக்கு விற்கும் சரக்கிலிருந்தும் வந்துவிடுகிறது. கடைக்காரருக்கு வாடகையைத் தொட முடியாது, ராயல்டியைத் தொட முடியாது, கரண்ட் பில்லைத் தொட முடியாது. அவர் கை வைக்க முடிகிற இடங்கள் மூன்றுதான்: பால், பொடி அளவு, ஆள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோ 800 ரூபாய்ப் பொடி என்று வைத்துக்கொள்வோம். டம்ளருக்குப் பத்து கிராம் போட்டால் பொடிச் செலவு எட்டு ரூபாய். அதையே ஏழு கிராமாக்கினால் ஐந்து ரூபாய் அறுபது காசு. மிச்சம் இரண்டு ரூபாய் நாற்பது காசு. தினம் ஐந்நூறு காபி போகும் கடையில் அது நாளுக்கு 1,200 ரூபாய், மாதம் 36,000 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு பேர் சம்பளம். மூன்று கிராம் பொடிக்குள் இரண்டு பேர் சம்பளம் ஒளிந்திருக்கும்போது, கடனில் கடை போட்ட ஒருவரிடம் அதை எடுக்காதே என்று சொல்வது கஷ்டம். அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய ஏற்பாட்டின் மேல்தான் என் கோபம்.

வரியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. 2017 நவம்பர் 15 முதல் ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் வரி குறைந்ததில் நமக்கெல்லாம் சந்தோஷம். அதே முடிவில், கடைக்காரர்கள் தாங்கள் கட்டும் வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளும் வசதி நீக்கப்பட்டது. கடை வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டினால் அது முழுக்கக் கைச்செலவு. மெஷின் வாங்கினால் அதற்குக் கட்டிய வரியும் அப்படியே. தி.நகரிலோ அண்ணாநகரிலோ ஓஎம்ஆரிலோ பெரிய வாடகைக்கு இடம் பிடிக்கும் செயின் கடைக்கு இது பலமாகவே வலிக்கும். பரம்பரைச் சொந்த இடத்தில் ஓடும் மயிலாப்பூர்க் கடைக்கு வாடகையும் இல்லை, அதன்மேல் வரியும் இல்லை. பழைய தனிக்கடைகள் தரத்தைக் காப்பாற்றுவதில் முதலாளியின் நல்ல மனசுக்குப் பங்கு இருக்கிறது, அந்தச் சொந்தக் கட்டடத்துக்கும் பங்கு இருக்கிறது.

டபரா டம்ளர் மறைந்ததும் இந்தக் கணக்கிலேயே சேர்த்தி. கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும். 2020-ல் கொரோனா வந்து எல்லோரும் பேப்பர் கப்புக்குப் போனார்கள், பலர் திரும்பவேயில்லை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் இருக்கும் சரக்கு என்பது எல்லோருக்கும் மறந்துவிட்டது. கப்பின் மேல் மூடி போட்டுவிட்டால் வாசனையே ஏறாது, ஆற்றவும் முடியாது. ஆற்றும்போதுதான் பாலும் டிகாஷனும் ஒன்றாகக் கலந்து நுரை கட்டும். அந்த ஒரு வேலையைக் குடிக்கிறவர் கையில் விட்டிருந்தது டபரா.

இது சென்னைக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2007 பிப்ரவரியில் அமெரிக்கக் காபிச் செயினான ஸ்டார்பக்ஸின் தலைவராக இருந்த ஹோவர்ட் ஷூல்ட்ஸ் தன் நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வெளியே கசிந்து உலகமே படித்தது. வேகத்துக்காகத் தானியங்கி எஸ்பிரசோ மெஷின் வாங்கினோம், அது உயரமாக இருப்பதால் காபி போடுவதை வாடிக்கையாளர் பார்க்க முடியாமல் போனது. பொடி கெடாமல் இருக்க அடைத்த பாக்கெட்டுக்கு மாறினோம், கடையிலிருந்த காபி வாசனையே போய்விட்டது என்பது அதன் சாரம். ஒவ்வொரு முடிவும் எடுத்தபோது சரியாகத்தான் பட்டது, எல்லாம் சேர்ந்தபோது கடையின் உயிர் போய்விட்டது என்று அவர் வருந்தியிருந்தார். மறுவருஷம் பிப்ரவரி 26-ஆம் தேதி மாலை அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளைச் சில மணி நேரம் மூடி, காபி போடுவதை ஊழியர்களுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். காபி வாசனையை அமுக்கிவிடுகிறது என்று சூடான சாண்ட்விச்சையும் நிறுத்தினார்கள். பிற்பாடு செய்முறையை மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் ஃபில்டர் காபிச் செயின்களில் இன்று சமோசா, சாண்ட்விச், நூடுல்ஸ் என்று பட்டியல் நீண்டு, காபி அதில் ஒரு வரியாகச் சுருங்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் எனக்கு ஞாபகம் வரும்.

கஃபே காபி டேயின் கதையை இதோடு சேர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். 1996-ல் பெங்களூரு பிரிகேட் சாலையில் தொடங்கி, 1,700 கடைகளைத் தாண்டி, 2019-ல் நிறுவனர் சித்தார்த்தாவின் மறைவுக்குப் பிறகு 500-க்கும் கீழே சுருங்கிய அந்த நிறுவனத்தை வீழ்த்தியது கடன். ஆனாலும், கடை எண்ணிக்கையையே வெற்றியாகக் கொண்டாடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இந்தியக் காபி வியாபாரத்தில் இல்லை.

இவ்வளவு பேர் குறைப்பட்டுக்கொள்கிறோமே, கடைக்காரர்களுக்கு ஏன் உறைப்பதில்லை? இதற்குக் காரணம் வாடிக்கையாளர் நடந்துகொள்ளும் விதம். ருசி தெரிந்தவர் முதல் மாதமே கண்டுபிடித்துவிடுவார். அவர் சண்டை போடமாட்டார்; அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். அப்படி ஒவ்வொருவராகக் கழன்றுபோன பிறகு மிஞ்சுபவர்கள், ஆபீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது, உட்கார ஏசி இருக்கிறது என்று வருகிறவர்கள். அவர்களிடம் கருத்துக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். போனில் நட்சத்திரம் போடச் சொன்னால் டெலிவரி சீக்கிரம் வந்ததற்கு ஐந்து போடுவார்கள். ஆக, தரம் எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவுக்கு நிறுவனத்தின் காதில் விழும் குறையும் குறைகிறது. எல்லாம் சரியாகப் போகிறது என்று தலைமையிடம் நிஜமாகவே நம்பும். விற்பனை விழத் தொடங்கும்போதுதான் கண் திறக்கும். அதற்குள் பழைய மாஸ்டர்கள் நங்கநல்லூருக்கும் ஆதம்பாக்கத்துக்கும் போயிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். காபி விலை ஐந்து ரூபாய் ஏறினால் நாம் முகம் சுளிக்கிறோம், பில்லைக் காட்டிப் புலம்புகிறோம். மூன்று கிராம் பொடி குறைந்தால் நமக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? கொட்டை விலை இரண்டரை மடங்கு ஏறிய பிறகும் பழைய விலைக்கே பழைய காபி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. விலையை ஏற்றிக்கொள்ளுங்கள், அளவில் கை வைக்காதீர்கள் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல நாம் பழக வேண்டும். நான் இப்போதெல்லாம் சொல்கிறேன். சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் நிஜமாகவே காதில் போட்டுக்கொள்கிறார்கள்.

கேட்பதற்கு ஒரு சட்ட வழியும் பாதி திறந்திருக்கிறது. கடையில் விற்கும் காபிப்பொடி பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பது விதி. டம்ளரில் ஊற்றி விற்கும்போது அப்படி எழுதும் வழக்கம் இல்லை. இன்னொரு பக்கம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை நடத்தும் உணவு நிறுவனங்கள் ஒவ்வொரு பண்டத்திலும் எத்தனை கலோரி என்று மெனுவில் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஆக, செயின் கடைகளின் பலகையில் எழுத இடமும் இருக்கிறது, எழுதச் சொல்ல அதிகாரமும் இருக்கிறது. கலோரிக்குப் பக்கத்தில் மூன்று விவரங்கள் போதும்: காபி-சிக்கரி விகிதம், எத்தனை சதவீதக் கொழுப்புள்ள பால், இன்று இந்த டிகாஷன் எத்தனை மணிக்கு இறங்கியது. முதல் இரண்டையும் ஒருமுறை அச்சடித்து மாட்டிவிடலாம். மூன்றாவதை மட்டும் கடையில் நிற்கும் ஆள் சாக்பீஸால் தன் கையாலேயே எழுத வேண்டும். எழுதிய நேரம் தாண்டி நாலு மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சத்தைக் கீழே ஊற்ற அவருக்கு அனுமதி வேண்டும், அந்த நஷ்டம் அவர் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது.